மாடியில் கிடந்த அட்டைக் கட்டு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் வேலையிடம். பட்டுச்சேலையின் கரை, முந்தி, புட்டா டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுக்கிறேன். அப்பா இதே வேலையை கிராஃப் தாளில் பென்சிலால் செய்தவர். ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடிப்பதும் அவர்தான்.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றுபோனது. விண்டோஸ் 7 போடச் சொல்லி மெஷினை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். "டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும்மா, சி மட்டும்தான் ஃபார்மேட்" என்றார்கள். சொன்னபடியே டி டிரைவ் பத்திரமாக வந்தது. ஆனால் நான் தினமும் வேலை செய்த டிசைன்கள் டெஸ்க்டாப்பில் இருந்தன. டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மை டாக்குமெண்ட்ஸும் அங்கேதான். நான்கு வருஷ உழைப்பு போனது.

அதில் ஒரு இருதலைப்பட்சிக் கரை இருந்தது. அதை நெய்யச் சொல்லி முகூர்த்த ஆர்டர் வந்து நின்றது. அழுதுகொண்டிருந்த என்னிடம் அப்பா, "மாடில அட்டைக் கட்டு கிடக்கும்மா, எடுத்துட்டு வா" என்றார். ஓர் அட்டை என்பது ஓர் ஊடை இழை. துளை இருந்தால் அந்த இடத்தில் பாவு இழை மேலே எழும்பும். இல்லாவிட்டால் கீழே நிற்கும். அப்பா அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் படிக்க, நான் கட்டம் நிரப்பினேன். ஒன்பது சாயங்காலம் ஆனது. ஏழாவது நாள் பறவையின் அலகு வளைந்து வந்தபோது அப்பா விரலால் திரையைத் தொட்டு, "இங்க ஒரு கட்டம் விட்டுட்ட பாரு" என்றார். கணக்குப் பார்த்தால், ஆமாம், ஓர் அட்டையைத் தாண்டியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு ஃபைல் இரண்டு இடத்தில் இல்லையென்றால் அது என்னிடம் இல்லை.

அடுத்த மாற்றம் 2019 கடைசியில் வந்தது. அத்தி வரதர் தரிசனத்துக்காக 48 நாள் ஊரே நிரம்பி வழிந்த வருஷம். அனந்த சரஸ் குளத்திலிருந்து நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருபவர். 1979-இல் பார்த்த பாட்டி மறுபடியும் பார்த்தார். வீல்சேரில் அவர் கும்பிட்டபடி உட்கார்ந்திருக்கும் போட்டோ இந்த மெஷினில்தான் இருந்தது. 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடியப்போகிறது என்றார்கள். இந்த முறை எதையும் கடையில் விடவில்லை.

முதலில் ஒரு நோட்டில் எழுதினேன்: என்னென்ன வேண்டும், எங்கே இருக்கிறது. டிசைன், போட்டோ எல்லோருக்கும் ஞாபகம் வரும். விட்டுப்போவது வேறு. தறிக்காரர் கூலிப் பட்டியல் முழுக்க பாமினி எழுத்துருவில் தட்டியது. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். ஃபைல் தொலையவில்லை, படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் பார்க்கிறவருக்கு வயிறு கலங்கிவிடும். அதனால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் சேர்த்து எடுத்தேன். பிறகு பொறுமையாக யூனிகோடுக்கு மாற்றினேன். சில சாஃப்ட்வேர்கள் ஃபைல்களைத் தங்கள் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே, புரோகிராம் ஃபைல்ஸில், வைத்துக்கொள்ளும். அதையும் திறந்து பாருங்கள்.

டிசைன் சாஃப்ட்வேருக்கு ஒரு டாங்கிள் உண்டு. அதைச் செருகினால்தான் ஓடும். பழைய டாங்கிளுக்கு 64 பிட் விண்டோஸில் டிரைவர் இல்லாமல் போகலாம். பிரிண்டர் கேபிள் போன்ற அகலமான போர்ட்டில் செருகும் வகை என்றால், இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் அந்தத் துளையே கிடையாது. விற்றவரிடம் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். இதைக் கேட்காமல் மாற்றிவிட்டு, டிசைன் எல்லாம் இருந்தும் திறக்க வழியில்லாமல் தவித்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

காப்பி எடுக்கும்போது 'கட்' கொடுக்காதீர்கள்; காப்பி மட்டும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஃபேட்32 பென் டிரைவ் ஏற்காது, எக்ஸ்ஃபேட் ஆக மாற்ற வேண்டும். மாற்றினால் அதில் இருப்பது அழியும், காலியான டிரைவில் செய்யுங்கள். எடுத்து முடித்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டு, அந்த டிஸ்கை வேறொரு மெஷினில் செருகிப் பத்துப் பதினைந்து ஃபைல்களையாவது திறந்து பாருங்கள். நான் தங்கை வீட்டு லேப்டாப்பில் திறந்தேன். பாட்டி போட்டோவையும் பார்த்தோம்.

டிசைன்காரர்களுக்கு மட்டும் ஒன்று. பத்திரமாக இருக்கட்டும் என்று டிசைனை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி வைக்காதீர்கள். பிஎம்பி ஃபைலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே நிறம். அந்த நிறம்தான் ஜரிகையா, பட்டா என்று சொல்கிறது. ஜேபிஜி ஆக்கினால் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் பத்து வகை ரோஸ் தானாக வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும், தறிக்கு உதவாது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் பழைய ஹார்டு டிஸ்கை ஃபார்மேட் செய்யவில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு, புது எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸ் 10 ஏற்றினேன். நான் கற்றதிலேயே பெரிய பாடம் இதுதான். பாவு முடியும்போது பழைய இழை முனைகளை அச்சில் விட்டுவைத்து, புதுப் பாவை ஒவ்வோர் இழையாக அதோடு முறுக்கி இணைப்பார்கள். பழையதை முதலில் உருவிவிட்டால் ஆரம்பத்திலிருந்து கோர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம், மெஷினில் செய்ய எனக்குப் பல வருஷம் ஆனது.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போவதென்றால் ஃபைல்களை வைத்துக்கொண்டே அப்கிரேட் செய்யும் வழி கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கல்யாண சீசனிலோ, வைகாசி கருடசேவை நாளிலோ இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பிரச்சினை என்றால் ஆள் கிடைக்காது.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. என் மெஷினில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 கேட்கும் எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0-வும் அதில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருவதாகச் சிலர் சொன்னார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதால் பதிவு செய்திருக்கிறேன். அதற்குள் பேங்க், ஜிஎஸ்டி, மெயில் எல்லாம் ஒரு புது லேப்டாப்புக்குப் போய்விடும். பழையது டிசைனுக்கு மட்டும், நெட் இணைப்பு இல்லாமல். பழைய மெஷினுக்குப் போகும் பென் டிரைவை முதலில் லேப்டாப்பில் ஸ்கேன் செய்துதான் செருகுவேன். அப்பாவின் அட்டைக் கட்டுகளைப் போன மாதம் தூசி தட்டி, ஒவ்வொன்றின் மேலும் எந்த டிசைன் என்று எழுதிக் கட்டி வைத்தேன்.