கார்போகத்துக்கு முன் டோலமைட்

நீலகிரியில் கார்போக விதைப்புக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் போடப்போகிறவர்கள் உரக்கடைக்குக் கிளம்பும் முன் மண்ணின் புளிப்பைப் பாருங்கள். காலங்காலமாகப் பெய்த மழை இந்த மலைமண்ணின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அரித்துக்கொண்டு போய்விட்டது. போகந்தோறும் போடும் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் அமிலத்தை மேலும் கூட்டுகின்றன. பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனியை வளரவிடாது. சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்தும் மண்ணிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கே உரத்தை மட்டும் கூட்டுவது பணத்தை ஓடையில் விடுவதுதான்.

முட்டைக்கோஸ் போட்டவர்களுக்கு இன்னொரு அடையாளமும் தெரிந்திருக்கும். காலையில் நிமிர்ந்து நின்ற செடி, ஈரம் இருந்தும் உச்சிவெயிலில் துவண்டுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சிக்கிழங்குபோல் புடைத்திருக்கும். இந்த வேர்வீக்க நோய்க்குப் புளிப்பு மண்தான் தோது. புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்பு இட்டால் நோய் அடியோடு போகாது, ஆனால் வேகம் தணியும்.

இந்த வாரமே மண் எடுத்துவிடுங்கள். தோட்டத்தில் பத்து இடத்திலாவது ஒரு சாண் ஆழம் வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் போட்ட சுண்ணாம்பின் அளவு உங்களுக்குப் பொருந்தாது. பி.எச். ஒன்றாகவே இருந்தாலும் மட்கு நிறைந்த கறுப்பு மண் அதிகம் கேட்கும், மணற்பாங்கானது குறைவாகக் கேட்கும். பரிசோதனை முடிவு அட்டையில் ஏக்கருக்கு ஒரு டன் என்றிருந்தால் சென்ட்டுக்கு 10 கிலோ. தேவை பெரிதாக இருந்தால் இரண்டு போகமாகப் பிரித்து இடுங்கள்.

சுட்ட சுண்ணாம்பு கையையும் கண்ணையும் பொசுக்கும். டோலமைட் சுண்ணாம்புத் தூளே நல்லது, மெக்னீசியமும் கூடவே கிடைக்கும். விரலிடையில் தேய்த்தால் மாவாக இருக்க வேண்டும், நறநறத்தால் இந்தப் போகத்துக்கு வேலை செய்யாது. யூரியாவோடும் தொழுவுரத்தோடும் சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிப் பறந்துவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

உருளைக்கிழங்கு போடும் நிலத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். அது புளிப்பைத் தாங்கும். சுண்ணாம்பு மிஞ்சினால் கிழங்கில் சொறி விழும். அடுத்து முட்டைக்கோஸ் வரும்போது அங்கே இட்டுக்கொள்ளலாம்.

காற்றடிக்காத காலையில், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சீராகத் தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். மழை வராவிட்டால் ஒரு தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் டோலமைட் தூவினபடியே கிடக்கும்.