கிரவுனைக் கழற்றும் முன்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

பின்சக்கரங்களால் ஓடும் வண்டியில், புரொப்பல்லர் ஷாஃப்டின் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பி இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது பின் டிஃப்ரன்ஷியல். பட்டறைகளில் கிரவுன் என்றால் பெரும்பாலும் இந்த அமைப்பு முழுவதும்தான்; கண்டிப்பாகச் சொன்னால், ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் சிறிய பல்சக்கரம் பினியன், அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருந்தால் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இதைத் தீர்க்கும் பல்சக்கர அமைப்புக்கு, பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் 1820களின் பிற்பகுதியிலேயே நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள குருபரப்பள்ளிப் பக்கம் இந்த உறுப்புக்கு வேலை அதிகம். மாங்காயும் தக்காளியும் கல்லும் ஏற்றிக்கொண்டு மேலுமலை ஏற்றத்தில் முக்கும் சிறு சரக்கு வண்டிகளின் பாரமெல்லாம் கடைசியில் கிரவுன், பினியன் பற்களில்தான் இறங்குகிறது. சிப்காட் ஆலைகளும் உதிரிபாகப் பட்டறைகளும் நிறைந்த வட்டாரம் என்பதால் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கும் குறைவில்லை. வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிடலாம் என்ற துணிச்சல் வருவது இயல்பு. அந்தத் துணிச்சலோடு சில தவறான நம்பிக்கைகளும் சேர்ந்தே வருகின்றன.

"எல்லாக் காருக்கும் பின்னால் கிரவுன் உண்டு." இல்லை. ஆல்டோ, வேகன்-ஆர், ஸ்விஃப்ட் போன்றவை முன்சக்கரங்களால் ஓடுபவை. அவற்றின் டிஃப்ரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே, அதே எண்ணெயில் ஓடுகிறது. பொலிரோ, ஈக்கோ, டாடா ஏஸ், ஓசூரிலேயே தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், பழைய அம்பாசடர், குவாலிஸ் ஆகியவற்றுக்குப் பின்னால் உண்டு. பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதும் சரிப்படாது: இன்னோவா கிரிஸ்டாவுக்குப் பின் டிஃப்ரன்ஷியல் உண்டு, இன்னோவா ஹைகிராஸுக்குக் கிடையாது.

"சேற்றில் ஒரு சக்கரம் சுற்றுகிறது, மற்றது நிற்கிறது, கிரவுன் போய்விட்டது." பெரும்பாலும் எதுவும் போகவில்லை. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையையே தரும். வேகம் மட்டுமே மாறும். வழுக்கும் சக்கரம் தரையைப் பிடிக்காததால் அதற்குக் குறைந்த விசையே தேவைப்படுகிறது. அதே குறைந்த விசைதான் மறுபக்கத்துக்கும் போகிறது. ஒன்று நிற்க, மற்றது இரு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. பின்சக்கரங்களில் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கைச் சற்றே இழுத்துக்கொண்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால், சுற்றும் சக்கரத்துக்கு எதிர்ப்பு கூடி நிற்கும் சக்கரத்துக்கும் விசை கிடைக்கும். மகிந்திரா தார் போன்ற சில வண்டிகளில் வரும் பூட்டும் டிஃப்ரன்ஷியல் இந்த வேலையைத் தானே செய்கிறது.

இதே இயல்பு வண்டியைத் தூக்கும்போது ஆளைக் கொல்லக்கூடியதாக மாறும். கியரில் போட்டுவிட்டால் வண்டி நகராது என்பது மிகப் பரவலான நம்பிக்கை. இரண்டு பின்சக்கரங்களும் தரையில் இருக்கும் வரை அது ஓரளவு சரி. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியதும் கியர் பிடிப்பு செத்துவிடுகிறது: புரொப்பல்லர் ஷாஃப்ட் அசையாமல் இருந்தாலும் தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையிலுள்ள சக்கரம் உருளும். இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கினால் ஹேண்ட்பிரேக்காலும் பயனில்லை. தரையைத் தொடுகிற முன்சக்கரங்களை அது பிடிப்பதில்லை. ஆகவே சமதளமும், முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைத்த கட்டைகளும் இல்லாமல் தூக்கக் கூடாது. செம்மண் தரையில் ஜாக்கி புதையும் என்பதால் அடியில் தடித்த பலகை வேண்டும். தூக்கிய பிறகு வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டில், ஜாக்கியில் அல்ல. ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் அடுக்குவது கூடவே கூடாது. இரும்பு வளைந்து எச்சரிக்கும்; சிமென்ட் கல் எச்சரிக்காமல் நொறுங்கும்.

எண்ணெய் விஷயத்தில் இன்னும் குழப்பம் அதிகம். 90 எண் கியர் ஆயில், 40 எண் இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் 90 எண் கியர் ஆயிலின் பாகுநிலை, 40 அல்லது 50 எண் இன்ஜின் ஆயிலின் பாகுநிலையை ஒட்டியே இருக்கும். அப்படியானால் இன்ஜின் ஆயிலையே ஊற்றலாமே என்றால், அதுவும் ஆகாது. பின் ஆக்சிலில் பினியன், கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே பொருந்தும் ஹைபாய்ட் வகைப் பற்கள்தான் பெரும்பாலும் இருக்கின்றன. இவை உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கித் தேயும். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தைத் தொடாமல் காப்பவை கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள். ஜிஎல்-5 என்று டப்பாவில் இருப்பது இந்தப் பாதுகாப்பின் தரத்தைக் குறிக்கிறது. மிஞ்சியதை கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடலாம் என்பதும் தவறு: சில ஜிஎல்-5 எண்ணெய்கள் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கம்பெனிக் கையேடு சொல்லும் தரத்தைத்தான் அங்கே ஊற்ற வேண்டும். கியர் ஆயிலின் அழுகிய முட்டை வாடையும் அதே கந்தகத்தால் வருவது. வாடை மட்டும் கோளாறுக்கு அடையாளமாகாது.

ஒரு முறை ஊற்றினால் ஆயுசுக்கும் போதும் என்பார்கள். இன்ஜினில்போல் இங்கே புகைக்கரி சேர்வதில்லை, உண்மைதான். ஆனால் நுண்ணிய இரும்புத் தூள் சேரும், சேர்மங்கள் செலவாகும், சில நேரம் தண்ணீரும் புகும். கிரவுனை மூடியிருக்கும் சூடான ஹவுசிங் தேங்கிய மழைநீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, காற்றுத்துளை வழியாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டியதுதான். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் கரும்பசைபோல் ஒட்டியிருக்கும் தூளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. நகத்தில் உணரக்கூடிய சில்லோ பல்லின் துண்டோ கிடைத்தால் வண்டி பட்டறைக்குப் போக வேண்டும்.

எண்ணெய் மாற்றுவதுதான் வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. சில கிலோமீட்டர் ஓட்டி எண்ணெய் இளகிய பிறகு, முதலில் மேலேயுள்ள ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கீழே முழுவதையும் வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி வாசலிலேயே நின்றுவிடும். வண்டி சமதளத்தில் நிற்கையில், பெரும்பாலான வண்டிகளில் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பே சரியான மட்டம். கூடுதலாக அடைத்தால் நல்லது என்று நினைத்தால், நுரைத்துச் சூடேறிய எண்ணெய் சீலைத் தாண்டி பிரேக் ஷூவில் இறங்கும்.

சீல் ஒழுகினால் சீலை மாற்றுவதோடு விஷயம் முடிவதில்லை. ஹவுசிங்கின் மேலுள்ள பிரீதர் என்னும் காற்றுத்துளை சேறு அடைத்துக் கிடந்தால், சூட்டில் விரியும் காற்று எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். பினியன் நட்டை இன்னும் இறுக்கினால் ஒழுக்கு நிற்கும் என்பது இதைவிட ஆபத்தான யோசனை. பல ஆக்சில்களில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவே, இறுக்கும்போது அளவோடு நசுங்கும் மெல்லிய குழல் இருக்கிறது. அளவுக்கு மீறி நசுங்கினால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. பேரிங் இறுகி, காய்ந்து, எரிந்துபோகும். பிறகு நட்டைத் தளர்த்தியும் பயனில்லை.

பின்னாலிருந்து இரைச்சல் வந்தாலே கிரவுன் என்று தீர்ப்பளிப்பதும் அவசரம். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் விடும்போதும் இரைச்சல் மாறினால் கிரவுன், பினியனைச் சந்தேகிக்கலாம். வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்; சாலையின் தரம் மாறும்போது மாறினால் டயர்; திரும்பும்போது மட்டும் கடகடத்தால் உள்ளிருக்கும் சிறு பல்சக்கரங்கள். கியர் போட்டதும் 'டக்' என்று அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட். எண்ணெயில் மரத்தூள் கலந்து இரைச்சலை அடக்குவது, பழைய வண்டி விற்பவர்களின் தந்திரமாக உலகெங்கும் பேர்போனது. அது வைத்தியமல்ல, மோசடி.

மைலேஜுக்காகக் கிரவுன் செட்டை மாற்றும் ஆசையும் உண்டு. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.1. இதைக் குறைத்தால் சமவெளியில் இன்ஜின் மெதுவாகச் சுழலும். ஆனால் பாரத்தோடு மேலுமலை ஏறும்போது கீழ் கியரிலேயே இழுக்க வேண்டிவரும். கிடைத்த லாபம் ஏற்றத்தில் கரையும்.

கிரவுனை மட்டும், அல்லது பினியனை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாம் என்பதும் பொய்க்கணக்கு. இரண்டும் ஆலையிலேயே சேர்த்துத் தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. பற்களுக்கு இடையிலான தளர்வு, அதாவது பிளே, பல சிறு வண்டிகளில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். ஓசூர் வட்டாரத்தில் இதை அளக்கும் டயல் கேஜைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். அந்தத் திறமை மட்டும் போதாது. ஷிம் என்னும் மெல்லிய தகட்டை மாற்றி பினியனின் ஆழத்தைத் திருத்தினால் பிளே மாறும்; பிளேயைத் திருத்தினால் பற்கள் தொடும் இடம் மாறும். பற்களில் வண்ணப்பசை தடவிச் சுழற்றி, தடம் சரியான இடத்தில் விழும்வரை திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்ட வேண்டும். பேரிங்கைக் கழற்ற பிரஸ் வேண்டும். இறுக்கத்தை அளக்கக் கருவி வேண்டும். எண்ணெய், பிரீதர் வரை வாசலில் பார்க்கலாம்; கிரவுன் செட்டிங் பட்டறை வேலை.

வடித்த எண்ணெயை மண்ணில் ஊற்றினால் மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பது கடைசி நம்பிக்கை. மண் அதை அழிப்பதில்லை. மார்க்கண்டேய நதி, தென்பெண்ணை வழியாக இந்தப் பகுதியின் மழைநீர் கே.ஆர்.பி. அணையில்தான் சேர்கிறது. பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அதை மூடியுள்ள கேனில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.