தீர்ப்பைச் சுட்டும் முறை மாறிவிட்டது

மனுவிலோ கட்டுரையிலோ உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டும்போது, 2023-இல் அறிமுகமான நடுநிலை மேற்கோள் எண்ணை முதலில் எழுதுங்கள். ஆண்டு, நீதிமன்றக் குறியீடு, வரிசை எண், அவ்வளவுதான். அந்தரங்க உரிமையை உறுதிசெய்த புட்டசாமி தீர்ப்புக்கு அது ‘2017 ஐஎன்எஸ்சி 801’. பழைய தீர்ப்புகளுக்கும் எண் தந்திருப்பது பெரிய உதவி. விலையுயர்ந்த தொகுப்புகளை வாங்க முடியாத இளம் வழக்கறிஞரும் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகத் தேடி எடுக்கலாம். எஸ்.சி.சி., ஏ.ஐ.ஆர். எண்கள் அதற்குப் பின்னால் வரட்டும். பக்க எண் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும் என்பதால் பத்தி எண்ணையே குறியுங்கள்.

சட்டப் பிரிவிலும் தேதி முக்கியம். 1.7.2024 முதல் நடந்த கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதா 103. அதற்கு முன் நடந்ததற்கு இந்திய தண்டனைச் சட்டம் 302 தான்.