ஸ்டார்ட்டர் பெட்டியைச் சுத்தம் செய்யும் முறை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வேடசந்தூர் வட்டாரத்தில் அக்காற்று கொணரும் செம்மண் தூசி கிணற்றடி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் புகுந்து படிகிறது. விசைத்தறிக் கொட்டகையிலோ பஞ்சுத் தூசி படிகிறது. காண்டாக்ட் எனப்படும் தொடுமுனைகள் சரியாகப் பொருந்தாமற் போகின்றன. மூன்று பேஸில் ஒன்று தடைப்பட்டால், மோட்டார் முனகிச் சூடேறிக் காயில் கருகிவிடும். காயில் கட்டக் கடன் நாடுவதைக் காட்டிலும், காலத்தே பெட்டியைச் சுத்தம் செய்தல் மேலன்றோ?

இதற்கென அங்கத்தினர் பலர் துரு நீக்கும் ஸ்பிரே டப்பாவை உபயோகிக்கின்றனர். இவ்வகையில் பெயர் பெற்ற டபிள்யூ டி 40 என்பது 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், உலோகத்தினின்று நீரை விலக்கித் துருவைத் தடுக்கவென ஆக்கப்பட்டது. பூட்டுக்கும் மரைக்கும் அது நன்று. திறந்த தொடுமுனைக்கு அன்று. அது விட்டுச் செல்லும் எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டும். தீப்பொறியில் அது கருகிக் கரியாகும். அந்நிறுவனமே மின் தொடுமுனைகளுக்கெனத் தனி டப்பா விற்பதும் கவனிக்கத்தக்கது.

“எண்ணெய் ஸ்டார்ட்டரில் தொடுமுனை எண்ணெயிலேயே மூழ்கியுள்ளதே?” என்று சிலர் வினவலாம். அது மின்சாரத்தைக் கடத்தாத தனிவகை எண்ணெய். தொட்டி நிறைய நின்று பொறியை அணைப்பது. மெல்லிய படலம் அப்பணியைச் செய்யாது.

செய்ய வேண்டிய முறையாவது:

1. ஆட்டோ ஸ்டார்ட்டரை நிறுத்துக. மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ்களையும் கழற்றித் தம்மிடமே வைத்துக்கொள்க. மெயின் சுவிட்சுக்கு வரும் கம்பியில் ஏறத்தாழ 415 வோல்ட் அப்போதும் இருக்கும்; அதைத் தொடலாகாது.

2. கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். மின்சாரம் அறவே இல்லையென வயர்மேன் சோதித்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும்.

3. உலர்ந்த தூரிகையால் தூசியை நீக்குக. ஈரத் துணி கூடாது.

4. மின் தொடுமுனைக்குரியதென டப்பாவில் அச்சிட்டுள்ள ஸ்பிரேயை மட்டும் சிறிதளவு தெளிக்க. கதவு திறந்திருக்கட்டும், பீடி, விளக்கு அருகில் ஆகா.

5. ஈரம் முற்றும் உலர்ந்து, வாடை நீங்கிய பிறகே மின்சாரம் விடுக. அவசரப்பட்டால் முதற்பொறியிலேயே ஆவி தீப்பற்றக் கூடும்.

6. வெள்ளி முகப்புள்ள தொடுமுனையை உப்புத்தாளால் தேய்க்கலாகாது, வெள்ளி தேய்ந்துபோகும். குழி விழுந்திருப்பின் மூன்று பேஸுக்கும் சேர்த்து மாற்றுக. தளர்ந்த திருகுகளையும் வயர்மேன் முடுக்கட்டும். சூட்டிற்குப் பெரும்பாலும் அவையே காரணம்.

டப்பாவை வெயிலில் வைப்பதும், காலியானதை நெருப்பில் எறிவதும் அபாயம்.

1990 முதல் தமிழ்நாட்டு உழவர்க்குப் பாசன மின்சாரம் இலவசம். மோட்டார் இலவசமன்று, உயிரோ, விலை கொடுத்தாலும் கிடைப்பதன்று. அங்கத்தினர் இதனை மனத்திற் கொள்வது நலம்.