499 ரூபாய் சந்தா 589 ஆவது எப்படி?
டிஜிட்டல் பில்லில் வரியைக் கவனிக்கச் சில குறிப்புகள்

ஓ.டி.டி., பிள்ளைகளின் படிப்பு ஆப், கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ், போட்டோக்களைச் சேமிக்க கிளவுட் இடம் என்று மாத பட்ஜெட்டில் பாலுக்கும் கேஸுக்கும் பக்கத்தில் இவையும் வந்து உட்கார்ந்துவிட்டன. மளிகைக் கடை பில்லை வரி வரியாகச் சரிபார்க்கும் நாம், இவற்றுக்கு மின்னஞ்சலில் வரும் பில்லைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. விளம்பரத்தில் பார்த்த விலைக்கும் கணக்கிலிருந்து போன பணத்துக்கும் ஏன் வித்தியாசம் என்பது அந்த பில்லில்தான் இருக்கிறது.

1. முதலில் விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள், ஆப், ஓ.டி.டி., இசை, கிளவுட் எதுவானாலும் ஜி.எஸ்.டி. 18%. விற்பவரும் நீங்களும் ஒரே மாநிலம் என்றால் அது மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரிந்திருக்கும். வேறு மாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. 18 என்று ஒரே வரியாக இருக்கும். பாக்கெட்டிலிருந்து போவது ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. அடுக்குகள் மாறியபோது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த டி.வி.யில் பார்க்கும் ஓ.டி.டி.க்குக் குறையவில்லை. எனவே 'வரி குறைந்ததே, சந்தா ஏன் குறையவில்லை' என்று கஸ்டமர் கேரிடம் சண்டை போட வேண்டாம்.

2. விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'வரி உட்பட' என்றால் அதுதான் முடிவான விலை. 'வரி தனி' என்றாலோ, சின்ன நட்சத்திரக் குறி இருந்தாலோ 18% கூட்டிக்கொள்ள வேண்டும். மனக்கணக்குக்கு ஒரு வழி: விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, ஐம்பதில் ஒரு பங்கைக் கழியுங்கள். 499-க்கு 100 கூட்டி 10 கழித்தால் 589. சரியான கணக்கு 588 ரூபாய் 82 காசு. வாசலில் பையை வைத்துக்கொண்டே போட்டுவிடலாம்.

வீட்டில் அதிகம் ஏமாற்றுவது பிராட்பேண்ட் திட்டங்கள்தான். இத்தனை ஓ.டி.டி. இலவசம், மாதம் 999 மட்டும் என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். பில் 1,178 ரூபாய் 82 காசு என்று வரும். மொபைல் ரீசார்ஜ் விலையில் பொதுவாக வரி சேர்ந்தே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இதை மறந்தால், விலை கூடுதலான திட்டம்தான் மலிவு என்று தோன்றும்.

3. வரி உட்பட்ட விலையிலிருந்து வரி எவ்வளவு என்று பிரிக்க, 18-ஆல் பெருக்கி 118-ஆல் வகுக்க வேண்டும். 999 ரூபாயில் வரி 152 ரூபாய் 39 காசு. நேராக 18% போட்டு 179 ரூபாய் 82 காசு என்று எழுதினால் தப்பு. குடியிருப்புச் சங்கத்துக்கோ அலுவலகத்துக்கோ கணக்குக் கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

4. தள்ளுபடியும் கேஷ்பேக்கும் ஒன்றல்ல. 1,000 ரூபாய் மென்பொருளுக்கு பில்லிலேயே 200 தள்ளுபடி என்றால் வரி 800-க்குத்தான்: மொத்தம் 944. அதே 200 பிறகு கேஷ்பேக்காக வருகிறது என்றால் 1,180 கட்டி 200 திரும்ப வாங்குகிறோம்: 980. இரண்டுக்கும் இடையில் 36 ரூபாய். கேஷ்பேக் வருமா, வராதா என்று காத்திருக்கும் கவலை தனி.

5. டாலரில் விலை போட்டிருக்கும் சந்தாக்களில் கவனம் தேவை. இந்தியாவில் அலுவலகமே இல்லாத வெளிநாட்டு நிறுவனமும், இங்குள்ள வீடுகளுக்கு டிஜிட்டல் சேவை விற்றால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்து வரி வசூலித்துக் கட்ட வேண்டும். பதிவுக்கு, உள்ளூரில் சேவை தருபவர்களுக்கு இருக்கும் 20 லட்ச ரூபாய் ஆண்டு வரவு வரம்பு அவர்களுக்குக் கிடையாது. ஆக, 20 டாலர் என்று போட்டிருந்தால் 23.60 டாலர்.

அதோடு முடியாது. பல வங்கிகளின் கார்டுகளில் வெளிநாட்டு நாணயச் செலவுக்கு 2-லிருந்து 3.5% வரை மார்க்கப் உண்டு. அந்த மார்க்கப்புக்கும் 18% ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டால், 100 ரூபாய் மதிப்புள்ள சந்தா வரியோடு 118. அதன்மேல் 3.5% மார்க்கப் 4 ரூபாய் 13 காசு, அதற்கு வரி 74 காசு. ஆக 122 ரூபாய் 87 காசு. ரூபாயில் கட்டும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அப்போதும் ஒரு முறை வங்கியின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். விற்பவர் வெளிநாட்டில் பதிவானவர் என்றால், ரூபாயில் கட்டினாலும் தனிக் கட்டணம் போடும் வங்கிகள் இருக்கின்றன. வருடச் சந்தா எடுக்கும் நாளில், மார்க்கப் இல்லாத கார்டு வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

6. 'வி.பி.என். போட்டு வேற நாடுன்னு காட்டினா வரி வராது சித்தி' என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. வாங்குபவர் இந்தியாவில் இருக்கிறாரா என்று முடிவு செய்யச் சட்டம் ஏழு அடையாளங்களைச் சொல்கிறது: இணையத்தில் கொடுத்த முகவரி, கார்டு எந்த நாட்டில் வழங்கப்பட்டது, பில் முகவரி, கருவியின் ஐ.பி. முகவரி, பணம் கட்டப் பயன்படுத்தும் வங்கிக் கணக்கு இருக்கும் இடம், சிம் கார்டின் நாட்டுக் குறியீடு, லேண்ட்லைன் இருக்கும் இடம். ஒன்றுக்கொன்று முரண்படாத இரண்டு பொருந்தினாலே போதும், நீங்கள் இந்தியாவில் இருப்பதாகத்தான் கணக்கு. வி.பி.என். மாற்றுவது ஐ.பி. முகவரியை மட்டும். உங்கள் கார்டும் சிம்மும் சென்னையிலோ சேலத்திலோதான் இருக்கின்றன. பொய் முகவரி கொடுத்த காரணத்துக்காகக் கணக்கை முடக்கிவிட்டால், சேமித்த போட்டோக்களுக்கு யாரிடம் போவது? 18 ரூபாய்க்காக அந்த வம்பு வேண்டாம் என்பது என் கட்சி.

7. பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணைத் தேடுங்கள். 15 எழுத்து, எண் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கர்நாடகம் 29, மகாராஷ்டிரம் 27, டெல்லி 07. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். வெளிநாட்டிலிருந்து நேரடியாக விற்கும் டிஜிட்டல் நிறுவனங்களின் எண் 99 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும். லாகின் எதுவும் தேவையில்லை.

எண்ணே இல்லாமல் 'ஜி.எஸ்.டி. 18%' என்று மட்டும் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவே முடியாது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும், பதிவு செய்யாத ஆன்லைன் பாட்டு டீச்சரோ, தனியாக மென்பொருள் எழுதி விற்கும் இளைஞரோ வரி போடாமல் பில் கொடுப்பது முறையானதுதான். அவர்களைச் சந்தேகப்பட வேண்டாம்.

8. கணக்கில் உங்கள் மாநிலம் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். பெங்களூருவில் வேலை பார்த்த காலத்தில் திறந்த கணக்கு, ஊர் திரும்பிப் பல வருடம் ஆகியும் கர்நாடகம் என்றே இருக்கும். பொருளோ சேவையோ எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கு வரிப்பங்கு போவதுதான் ஜி.எஸ்.டி.யின் ஏற்பாடு. அதனால்தான் ஆன்லைன் சேவை பில்லில், பதிவு செய்யாத வாடிக்கையாளருக்கும் மாநிலத்தின் பெயர் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு பைசா கூடாது, குறையாது. ஆனாலும் நம் வரி நம் ஊருக்கு வரட்டுமே.

9. வீட்டிலிருந்து தொழில் செய்து, ஜி.எஸ்.டி. பதிவும் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பில்லிங் மென்பொருள், டிசைன் மென்பொருள், கிளவுட் என்று தொழிலுக்காக வாங்குவதில் கட்டிய 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம். அதற்கு, வாங்கும் முன்பே கணக்கு அமைப்புகளில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிய வேண்டும். வாங்கிய பிறகு 'என் பேருக்கு மாத்திக் கொடுங்க' என்றால் பல நிறுவனங்கள் கையை விரித்துவிடும். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர். 2பி பட்டியலில் அந்த பில் வந்திருக்கிறதா என்று ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிதியாண்டின் பில்லுக்குரிய கிரெடிட்டை, அதற்கடுத்த நவம்பர் 30-க்குள் எடுக்க வேண்டும். ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அன்றோடு கெடு முடிந்தது.

வெளிநாட்டு நிறுவனத்திடம் ஜி.எஸ்.டி. எண் கொடுத்தால் பில்லில் வரி இருக்காது. வரி மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டாம். ரிவர்ஸ் சார்ஜ் முறையில் அதை நீங்களே ரொக்கமாகக் கட்டி, பிறகு கிரெடிட் எடுக்க வேண்டும். கட்டாமல் விட்டால் பின்னால் வட்டியோடு நோட்டீஸ் வரும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்புட் கிடையாது. வீட்டில் சினிமா பார்க்கும் ஓ.டி.டி. சந்தாவைத் தொழில் கணக்கில் எழுதவும் கூடாது.

பதிவே இல்லாதவர்கள், வரவு செலவுக் கணக்குக் காட்டி வருமான வரி கட்டுபவர்களாக இருந்தால், தொழிலுக்கு வாங்கிய மென்பொருளின் விலையை வரியோடு சேர்த்தே செலவாக எழுதலாம். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

10. ஆட்டோபே எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும். அதில் இருப்பது உண்மையில் எடுக்கப்போகும் தொகை. சந்தா விலையை ஏற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், வேண்டாம் என்றால் நிறுத்தவும் வழி உண்டு. 15,000 ரூபாய் வரை ஓ.டி.பி. இல்லாமலே போகும். அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும். 12,800 ரூபாய் வருடச் சந்தா வரியோடு 15,104 ஆகி அந்த எல்லையைத் தாண்டிவிடும். அன்றைக்கு நீங்கள் ஓ.டி.பி. போடாவிட்டால் சந்தா புதுப்பிக்கப்படாது. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

11. படிக்கிற வீடா? அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அச்சில் வந்த புத்தகத்தின் மின்பதிப்புக்கு 5%. மின்வடிவில் மட்டுமே இருப்பதற்கு 18%. நாளிதழும் அப்படித்தான்: காகிதத்தில் வாங்கினால் வரி இல்லை, இணையச் சந்தாவுக்கு 18%. இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காலையில் காகிதத்தில் படித்தாலும் செல்போனில் படித்தாலும் செய்தி ஒன்றுதானே.

12. பள்ளிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் படிப்பு ஆப்புக்கும் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கோச்சிங், டியூஷன் ஆப்களுக்கு 18% உண்டு. 50,000 ரூபாய் பேக்கேஜ் என்று விற்பனையாளர் வீட்டுக்கு வந்து பேசினால், வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 59,000 என்றால் தவணைத் தொகையும் அதற்கேற்ப ஏறும்.

13. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் 'இங்க டாக்ஸ் இல்லை, நான் வாங்கி அனுப்பறேன்' என்பார்கள். அமெரிக்காவில் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் இணையத்தில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கு விற்பனை வரி இல்லை, வாஷிங்டன் மாநிலத்தில் உண்டு, ஓரிகனில் விற்பனை வரியே இல்லை. சிங்கப்பூரில் 2024 முதல் 9%, மலேசியாவில் 2024 மார்ச் முதல் 8%, பிரிட்டனில் 20%. அங்கே வாங்கிய கிஃப்ட் கோடு இந்தியக் கணக்கில் பெரும்பாலும் வேலை செய்யாது. கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

14. எழுத, கணக்குப் போட மட்டும்தான் கம்ப்யூட்டர் என்றால், காசு கொடுக்கும் முன் லிப்ரே ஆபீஸைப் போட்டுப் பாருங்கள். இலவசம், தமிழிலும் இயங்கும். பள்ளிப் பிள்ளையின் ப்ராஜெக்டுக்கும் சங்கத்தின் வரவு செலவுக்கும் தாராளமாகப் போதும்.

15. சந்தாவை ரத்து செய்து பணம் திரும்ப வாங்கும்போது, அந்தத் தொகைக்குரிய வரியும் சேர்ந்து வர வேண்டும். முழுப் பணமும் திரும்புகிறது என்றால் 1,180 கட்டியவருக்கு 1,180. ஆயிரம் மட்டும் வந்தால் கிரெடிட் நோட் கேளுங்கள். டாலரில் கட்டியிருந்தால் நாணய மாற்று வித்தியாசத்தில் கொஞ்சம் இழக்கலாம், மார்க்கப் திரும்புவது வங்கியைப் பொறுத்தது.

முதலில் ஒரு விலை காட்டி, கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவதையும், சந்தாவை நிறுத்த வழி தெரியாமல் ஒளித்து வைப்பதையும், 2023 நவம்பர் 30-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் முறைகேடான உத்திகள் என்றே பட்டியலிட்டிருக்கின்றன. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.