எழுத நேரம் எங்கே?

கேள்வி: கதை எழுத ஆசை. வேலை, வீடு, பிள்ளைகள் என்று நாள் ஓடிவிடுகிறது. தினமும் எழுதும் பழக்கம் எப்படி வரும்?
– ஒரு வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: உங்களுக்குச் சாலைக் கடைத்தெரு பக்கம்தான். அங்கே பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதியவர் ஆ. மாதவன். அந்தத் தெருவில் சுமை தூக்கியும் அலைந்தும் பிழைத்தவர்களே அவருடைய 'கடைத்தெருக் கதைகள்' ஆனார்கள். 2015-இல் சாகித்ய அகாதமி விருதும் பெற்றார். நீல. பத்மநாபன் மின்வாரியப் பொறியாளராக இருந்தவர். வேலையில் இருந்தபோதே, 1968-இல், அவருடைய 'தலைமுறைகள்' நாவல் வந்துவிட்டது. இருவரும் ஓய்வுக்காகக் காத்திருக்கவில்லை. அவர்கள் மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி இதற்காகத்தான்.

தனி அறை தேடாதீர்கள். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் அடுக்களை மேடையிலேயே நோட்டைத் திறங்கள். கிழக்கேகோட்டை பஸ்ஸில் காதில் விழுந்த சண்டையை, தமிழும் மலையாளமும் கலந்தபடியே எழுதிவையுங்கள். பத்து வரி போதும், திருத்த வேண்டாம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இருபது வரி என்று கடன் வைக்காதீர்கள். அந்தக் கணக்குதான் பலரை எழுத்தைவிட்டே விரட்டுகிறது. மாதக் கடைசியில் வாசித்துப் பாருங்கள். எந்த ஆள் உங்களை விடாமல் பிடித்திருக்கிறாரோ, அவரிடமிருந்து கதையைத் தொடங்குங்கள்.