தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளலாமா?

புணே நகரின் நடுவே சனிவார் வாடா என்னும் கோட்டை நிற்கிறது. பேஷ்வாக்களின் இருப்பிடமாக விளங்கிய அதன் உள்மாளிகைகள் 1828-இல் தீக்கிரையாயின. மதில்களும் வாயில்களும் அடித்தளங்களுமே இன்று எஞ்சியுள்ளன. அந்தப் பேஷ்வா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கை, ஆன்மிக சாதகர்களாகிய நம் முன் ஒரு கடினமான கேள்வியை வைக்கிறது.

1761 ஜனவரி 14 அன்று நடந்த மூன்றாம் பானிப்பட் போரில் அஹமத்ஷா அப்தாலியின் படைகள் மராட்டியப் படையை முறியடித்தன. மராட்டியர்களுக்குத் தலைமை தாங்கிய சதாசிவராவ் பாவ் களத்தில் வீழ்ந்தார். அவரது உடல் அடையாளம் காணப்பட்டு எரியூட்டப்பட்டதாக, அப்போரை நேரில் கண்ட காசிராஜ பண்டிதர் எழுதி வைத்துள்ளார். ஆனால் சதாசிவராவின் மனைவி பார்வதிபாய் இதை ஏற்கவில்லை. போர்முகாமிலிருந்து உயிர்தப்பித் திரும்பிய அந்த அம்மையார், கணவர் எங்கோ உயிருடன் இருக்கிறார் என்றே நம்பினார். 1783-இல் தாம் மறையும்வரை, சுமார் 22 ஆண்டுகள், சுமங்கலியாகவே வாழ்ந்தார்.

அந்த நம்பிக்கை அவருக்கு ஆறுதல் அளித்திருக்கும். அப்படியானால், நம்மை வாழவைக்கும் ஒரு பொய்யை நாம் ஏன் கைவிட வேண்டும்?

இக்கேள்விக்கு நவீன உளவியலிலும் ஆதரவு உண்டு. மனநலம் உள்ள மனிதர்கள் பெரும்பாலும் தங்களைச் சற்று உயர்த்தியே மதிக்கிறார்கள், எதிர்காலத்தை உள்ளதைவிட ஒளிமிக்கதாகக் காண்கிறார்கள் என்று ஷெல்லி டெய்லர், ஜோனதன் பிரவுன் என்னும் இரு அறிஞர்கள் 1988-இல் எழுதினர். 1991-இல் வெளியான மற்றோர் ஆய்வில், கல்லூரி நீச்சல் வீரர்களுள் தம்மை ஏமாற்றிக்கொள்ளும் இயல்பு மிகுந்தவர்களே தேசியப் போட்டிக்கு அதிகமாகத் தகுதி பெற்றனர் என்று கண்டறியப்பட்டது. அவ்வாறாயின், வாய்மையே உயர்ந்தது என்று நம் முன்னோர் கூறியது வாழ்க்கைக்கு உதவாத போதனைதானா?

அவசரப்பட வேண்டாம். முதலில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். இன்னும் நிகழாத ஒன்றைக் குறித்து, 'என்னால் முடியும்' என்று ஒருவன் எண்ணுவது பொய்யன்று. அந்த எதிர்காலம் இன்னும் உருவாகவில்லை; அதை உருவாக்குவதில் அவனது முயற்சிக்கும் பங்குண்டு. இதுவே சிரத்தை. நிகழ்ந்துவிட்ட ஒன்றை, 'நிகழவில்லை' என்று மறுப்பதும், முயலாமலேயே வெற்றி கிடைத்துவிட்டதுபோல் களிப்பதும் வேறு. இவை மோகம்.

இந்த வேறுபாட்டுக்கும் ஆய்வுச் சான்று உண்டு. எடையைக் குறைக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்த பெண்களைக் காப்ரியேல் ஓட்டிங்கனும் தாமஸ் வாடனும் ஓராண்டு கவனித்து, 1991-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெற்றி கிட்டும் என்று எதிர்பார்த்தவர்கள் மிகுதியாக எடை குறைந்தனர். ஆனால் மெலிந்த தோற்றத்தை இனிய கற்பனையாகக் கண்டு மகிழ்ந்தவர்கள் குறைவாகவே எடை இழந்தனர். சிரத்தை மனிதனை உழைக்கச் செய்தது. பகற்கனவு உழைப்புக்கு முன்பே பலனை ஊட்டி அவனை உறங்கச் செய்தது.

வேதாந்தத்தில் கயிற்றைப் பாம்பென்று காண்பவனின் உவமை பிரசித்தம். அவன் அறியாமல் மயங்குகிறான். விளக்கு வந்ததும் தெளிகிறான். தன்னை ஏமாற்றிக்கொள்பவனோ, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே அதை ஏற்ற மறுக்கிறான். உண்மை அவனுக்கு ஓரளவு தெரியும். தெரிவதனால்தான் அந்தப் பக்கம் திரும்ப அஞ்சுகிறான். கடோபநிஷதம் கூறும் தேர் உவமையில் புத்தியே சாரதி. குதிரைகளின் விருப்பத்திற்காக அந்தச் சாரதி தானே கண்களை மூடிக்கொள்வதுதான் சுயவஞ்சனை.

அதற்கு விலை உண்டு. அதைப் பிறரும் கொடுக்க நேரிடுகிறது. 'பாவ் சாகேப் மடியவில்லை' என்ற பேச்சு மராட்டிய நாட்டில் பலரது மனத்தில் உயிரோடு இருந்தது. அதைப் பயன்படுத்தி ஒருவன், 'நானே சதாசிவராவ்' என்று கிளம்பினான். சிறையிலிருந்த அவன் 1776-இல் விடுவிக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் அவனைச் சேர்ந்தனர். கொங்கணக் கோட்டைகள் சில அவன் வசமாயின. குழந்தைப் பேஷ்வாவின் சார்பில் அமைச்சர்கள் ஆண்டு வந்த காலம் அது. போரிட்டு அவனை ஒடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் அவனுக்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. நம்ப விரும்புபவர்கள் இருக்குமிடத்தில் வஞ்சகனுக்கு வேலை எளிது.

ஆனால் பார்வதிபாயைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை. அக்காலத்தில் அத்தகைய குடும்பத்து விதவைக்குக் காத்திருந்தது என்ன? மழித்த தலை, மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கு, வாழ்நாள் முழுவதும் நீளும் அவமதிப்பு. உண்மையைத் தாங்கவே முடியாததாகச் சமூகம் ஆக்கிவிட்டது. அவர் பொய்யின் நிழலில் ஒதுங்கினார். உண்மையைத் தண்டனையாக மாற்றுபவர்கள், பிறர் கூறிக்கொள்ளும் பொய்யிலும் பங்காளிகளே. மதிப்பெண் குறைந்த மகன் தந்தையிடம் உண்மை கூற அஞ்சினால், பிழை மகனிடம் மட்டும்தானா?

வேறு வழியும் உண்டு. புணேவுக்கு அருகே இந்திராயணி நதிக்கரையில் உள்ள தேஹு கிராமத்தில் வாழ்ந்தவர் துகாராம். 1630-ஐ ஒட்டிய கொடும் பஞ்சத்தில் அவர் வாணிபம் இழந்தார், மதிப்பிழந்தார். மனைவி உணவின்றி மாண்டார். அவற்றை அவர் மறைக்கவில்லை. தம் அபங்கங்களிலேயே பதிவு செய்தார். தம் மனத்தின் குறைகளையும் விட்டலனிடம் திறந்து வைத்தார். இழப்பை இழப்பென்றே ஏற்றவரிடம் பிறந்த பக்திக்கு, அதைக் காக்கப் பொய் எதுவும் தேவைப்படவில்லை.

சாதகனுக்கு இதில் எச்சரிக்கை அதிகம். சோம்பலுக்கு வைராக்கியம் என்றும், அச்சத்திற்குப் பொறுமை என்றும், கோபத்திற்குத் தர்மாவேசம் என்றும் பெயர் சூட்டுவது மிக எளிது. புலன்களை அடக்கி அமர்ந்து, மனத்தால் விஷயங்களை நினைப்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் பொய்யொழுக்கம் உடையவன் என்கிறது. அவன் முதலில் ஏமாற்றுவது தன்னைத்தான்.

ஆகவே இரவில் உறங்குமுன் மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ளலாம். இன்று எதைப் பார்க்காமல் முகம் திருப்பினேன்? எந்தக் குறைக்கு நல்ல பெயர் சூட்டினேன்? என்னிடம் உண்மை பேச யாரை அஞ்ச வைத்தேன்? விடைகள் முதலில் வலிக்கும். ஆயினும் நாளைய முயற்சியை நாம் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.